சாதாவா, ஸ்பெஷலா?

"சாதாவா, ஸ்பெஷலா? பட்டுன்னு சொல்லுங்க" என்றார் மாமனார்.

கண்ணாடிக் கடைக்காரனுக்கு வியர்த்துவிட்டது. கடையில் நாள் முழுக்க மற்றவர்களை அவன் கேட்கிற ரகத்துக் கேள்விதான் இது. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்டே பாதி ஊரைத் திணற அடித்தவன். அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

மேஜையில் இரண்டு படங்கள் கிடந்தன. தோட்டத்துத் தண்டவாளத்தில் ஓடுகிற, கைக்கு அடக்கமான நீராவி ரயில் இன்ஜின்கள். பொம்மை என்று சொன்னால் மாமனாருக்குக் கோபம் வரும். உள்ளே நிஜமான நெருப்பு, நிஜமான பாய்லர், நிஜமான நீராவி. சாதா இன்ஜினில் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்துவிட்டால், அது தன் இஷ்டத்துக்கு ஓடும். ஸ்பெஷலில் தண்ணீரின் அளவைக் காட்ட ஒரு மீட்டர், நடுவில் தண்ணீர் ஏற்ற ஒரு குழாய், வேகத்தைக் கட்டுப்படுத்த ரிமோட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன.

ரயிலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் டிக்கெட் எடுத்து ஏறுவது மட்டும்தான். ஆனால் தெரியாது என்று சொல்கிற இடத்தில் அவன் இல்லை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மாமனார் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி மட்டும் அவ்வப்போது அம்மா வீட்டுக்குப் போய் வருவாள். இவன் வாசலோடு சரி. அப்பேர்ப்பட்ட மனிதர் திடீரென்று போன் செய்து, "ஒரு இன்ஜின் வாங்கணும். வந்து பார்த்துச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

கிளம்பும்போது மனைவி அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தபடி சொல்லி அனுப்பினாள். "அப்பாவே இறங்கி வந்திருக்கார். தயவுசெஞ்சு சொதப்பிடாதீங்க."

"ஸ்பெஷலே வாங்கிடலாம் மாமா" என்றான்.

மாமனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எடைக்கல் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணில் பட்ட தராசில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர்.

"எல்லாத்தையும் ரிமோட்டே பார்த்துக்கும்னா நான் எதுக்கு? நாற்காலியில உக்காந்து கொட்டாவி விடவா?"

"அப்ப சாதா."

"சாதாவுல உள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு தெரியாது. பாய்லர் காஞ்சு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

"சாதாவை வாங்கி, மீட்டரைப் பின்னாடி மாட்டிக்கலாமே மாமா."

"அப்ப அது சாதாவா, ஸ்பெஷலா?"

மாமனார் கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கினார்.

"நல்லா யோசிச்சு வையுங்க. அடுத்த ஞாயிறு பேசலாம்."

வீட்டுக்கு வந்தால் அங்கே தனி விசாரணை. "எது சொன்னாலும் தட்டிக் கழிக்கிறார்" என்றான். "நீங்க சொன்ன விதம் சரியா இருந்திருக்காது" என்று மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் ஒரு பெரியவருக்குக் கண் சோதிக்கும்போது, லென்ஸை மாற்றிவிட்டு, "சாதாவா, ஸ்பெஷலா?" என்று கேட்டுவிட்டான். "எழுத்தே தெரியல, இதுல ஸ்பெஷல் வேறயா" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

கடைசியில் இன்ஜின் விற்கிற கடைக்கே போன் போட்டு விசாரித்தான். ஸ்பெஷல் சற்று நீளமாம், குறுகலான வளைவில் திரும்பாதாம். கிடைத்ததடா பிடி என்று ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

"மாமா, நம்ம தோட்டத்து வளைவுல ஸ்பெஷல் திரும்பவே திரும்பாது. அதனால சாதாதான்."

"அதாவது, வளைவை மாத்திட்டா ஸ்பெஷல் வாங்கலாங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல மாமா."

"மண்வெட்டி ஷெட்டுக்கு வெளியில சாத்தியிருக்கு. ஷெட்டை மட்டும் திறந்துடாதீங்க. உள்ள குளவி கூடு கட்டியிருக்கு."

இன்ஜினே இல்லாமல் தோட்டத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார் மனிதர். அதிகாரியாக இருந்தவர்கள் காரியத்தை அந்த வரிசையில்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான். வளைவைப் பெயர்த்தெடுத்தபோது கையெல்லாம் பிசுபிசுத்தது.

"தண்டவாளத்துல எண்ணெயா இருக்கே மாமா."

"துருப்பிடிக்காம இருக்க நான்தான் விட்டேன்" என்ற மாமனார், துணி சுற்றிய கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். விரலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, வெந்நீர் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

இவன் வெட்டினான். மாமனார் நின்று அளந்தார். "இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு இழை" என்று எடை போடுகிற கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு இழையில் மண்வெட்டி எதிலோ நறுக்கென்று இறங்கியது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "குழாயில தண்ணி வரலையே."

"இங்க வருது அத்தை" என்றான் இவன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

குழாய்க்காரர் வந்து சேர்வதற்குள் தோட்டம் குளமாகிவிட்டது. தண்டவாளக் கட்டைகள் மிதந்தன. மாமனாரும் மருமகனும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். இன்றோடு கதை முடிந்தது, இனி வாசல்கூடக் கிடையாது என்று அவன் மனதுக்குள் அழுதான்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க" என்றார்.

திட்டு விழ வேண்டிய இடத்தில் அழைப்பு விழுகிறது. கண்ணாடிக் கடைக்காரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே போய், புது வளைவை அகலமாகப் போட்டு முடித்தார்கள்.

"இப்ப ஸ்பெஷல் தாராளமாத் திரும்பும் மாமா" என்றான், நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டு.

"திரும்பும். ஆனா வளைவு இப்ப செடிக்கு அடியில போகுதே. வண்டி கண்ணுலயே படாது. படாத வண்டி சாதாவா இருந்தா என்ன, ஸ்பெஷலா இருந்தா என்ன?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பொறுமை அவனுக்கு அங்கேயே அறுந்துவிட்டது.

"மாமா, முடிவாச் சொல்றேன். ஸ்பெஷல்தான். நானே வாங்கித் தர்றேன். இப்பவே ஆர்டர் பண்ணிடறேன்."

மாமனாரின் முகம் சட்டென்று தொங்கிப்போனது. கையிலிருந்த அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டினார்.

"அப்ப முடிவாயிடுச்சா?" என்றார். நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அப்படி என்ன அவசரம், மாப்பிள்ளை?" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை ஏன் இவ்வளவு சோகமாகக் கூப்பிட வேண்டும் என்று புரியாமல், போனும் கையுமாக அவன் சமையலறைக்குள் போனான்.

"அத்தை, எது சொன்னாலும் அவருக்குப் பிடிக்கல. நானே வாங்கித் தர்றேன்னாலும் முகம் வாடுது. எனக்கு ஒண்ணுமே விளங்கல. அவருக்கு என்னைக் கண்டாலே ஆகல போலிருக்கு."

மாமியார் அடுப்பைத் தணித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்த போனை வாங்கி அலமாரியில் வைத்தார்.

"ரெண்டு இன்ஜினையும் போன வருஷமே வாங்கி ஷெட்டுல பூட்டி வெச்சிருக்கார் மாப்பிள்ளை. நீங்க பாட்டுக்கு ஒண்ணை முடிவு பண்ணிட்டா, அடுத்த ஞாயிறு உங்களை என்ன சொல்லி வரவழைக்கிறதுன்னுதான் மனுஷன் முழிச்சிட்டு நிக்கிறார்."