கூப்பிட்டால் வராத மீன்

வெள்ளைக்காரன் விட்டுப்போன பீரங்கிகள் எல்லாம் ஒன்றாய் வெடித்தாலும் சங்கண்ணையின் ஒரு கூப்பாட்டுக்கு ஈடாகாது. திருகோணமலை ஜெட்டியில் நின்று, "மூதூர்! மூதூர்! வெளிக்கிடப்போறம், ஓடியாங்கோ!" என்று லோஞ்ச் எனும் இயந்திரப் படகுக்கு ஆள் கூப்பிடுவது அவர் தொழில். குடாவுக்கு அந்தப்பக்கம் மூதூரிலேயே இருப்பவர்களும் அதைக் கேட்டுக் குடையோடு ஓடுவார்கள் என்பது ஊர்க்கதை. சங்கண்ணை என்பது ஆலைச் சங்கு மாதிரியான அந்தக் குரலால் வந்த பெயர்; சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபதுகளில் நான் அங்கே வாத்தியார். நான் வாடகைக்குத் தங்கிய போடிங் வீட்டில் அவர் பக்கத்து அறை. ஊரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மனிதரை, எதிர்பார்த்திருக்க ஒரு ஆளில்லை.

ஒருநாள் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியின் மீனவர் ஒருவரது வலையில் பவளக்கல் ஒன்று சிக்கியது. உள்ளே சுண்டுவிரலளவில் ஒரு நீல மீன். சங்கண்ணை அதைக் கல்லோடு வாங்கிவந்து, கடற்படை கழித்துவிட்ட பெரிய மின்சாரப் பற்றறிக் கண்ணாடிச் சாடியில் கடல்நீர் நிரப்பி அதற்குள் விட்டார். கல்லுக்குள் புகுந்த மீன் பிறகு தலைகாட்டவே இல்லை. போட்ட இறால் துண்டு விடிய மறைந்திருக்கும். அது உயிரோடு இருப்பதற்கு அதுதான் சாட்சி.

"என்ரை சத்தத்துக்குக் கூச்சப்படுது, மாஸ்டர். ஒருக்கா வந்து என்னைப் பாத்தாப் போதும்," என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் ஏக்கம். பேச்சு இரகசியமாயிற்று. தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடினார். தினமும் இரண்டு வாளி கடல்நீர் கொண்டுவந்து மாற்றி, சாடியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார்.

"என்ட கறிய ஒருநாளாச்சும் இப்பிடி ருசி பாத்தீங்களா?" என்று, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் போடிங் வீட்டுச் சமையல்கார முஸ்லிம் அண்ணர் கோபித்துக்கொண்டார்.

வாயைப் பழக்கவேண்டுமென்று ஜெட்டியிலும் மெல்லக் கூப்பிட்டார். லோஞ்ச் பாதி காலியாகப் போனது.

"ஒரு கிழமை பாப்பன். பிறகு வேற ஆள்தான்," என்றார் லோஞ்ச்காரர்.

அந்த ஏழு நாளின் நடுவில் ஒரு பின்னேரம், நாங்கள் இருவரும் சாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தோம். கல்லின் ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. பிறகு நீல உடம்பு, மஞ்சள் வால். மீன் நேரே கண்ணாடிக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சங்கண்ணையின் உதடு துடித்தது. நான் அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தேன், பிந்திவிட்டது.

"வந்திட்டுதூஊ!"

தெருவே திரண்டு வந்தது. லோஞ்ச் வெளிக்கிடுகிறதென்று நினைத்து இரண்டு பேர் பெட்டியோடு வந்தார்கள். மீன் கல்லுக்குள் போய்விட்டது. மூன்று நாள் இறால் தொடாமல் கிடந்தது.

"பட்டினி கிடக்குது, மாஸ்டர். இனி வைச்சிருக்க ஏலாது," என்று கண்ணைத் துடைத்தார்.

அடுத்தநாள் காலை சல்லிக்குப் போனோம். லோஞ்ச்காரர் தந்த தவணை முடிகிற நாளும் அதுதான். முழங்கால் தண்ணீரில் நின்று வாளியிலிருந்து கல்லை இறக்கினார். மீன் வெளியே வந்தது. எதிரே அத்தனை பெரிய கடல் கிடக்க, அது அவர் குதிக்காலுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டது.

"வாங்கோ அண்ணை, இண்டைக்குப் போகாட்டி வேலை போயிடும்," என்றேன்.

"காலை எடுக்க ஏலாது, மாஸ்டர்," என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "பயந்திடும்."

அன்று மூதூர் லோஞ்ச் கூப்பிட ஆளில்லாமல் போனது. அந்த மனிதரைத் தனியே விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.