சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வியாதி வரும். மாமியார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் இருக்கும் என் மாமியாருக்கு விமானம் என்றாலே பயம். ஆனால் சென்னையில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம், போயே ஆகவேண்டும். என் மனைவிக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

"எவ்வளவு நேரம் பறக்கணும் மாப்பிள்ளை?"

டிக்கெட்டைப் பார்த்தேன். கோலாலம்பூரில் பத்து மணிக்குக் கிளம்புகிறது, சென்னையில் பதினொன்றரைக்கு இறங்குகிறது. கழித்தேன். (பிரிக்பீல்ட்ஸில் கணக்கு எழுதும் ஆபீசில் வேலை. கழித்தலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

"ஒன்றரை மணி நேரந்தான் அத்தை. ஜாம்ல மாட்டினா பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளான் வரவே அவ்வளவு ஆகும்."

"அப்ப சரி. பிளேன் பாத்ரூமுக்கெல்லாம் நான் போமாட்டேன். உறிஞ்சி இழுத்துருமாம்."

"ஒன்றரை மணி நேரத்துக்கு எதுக்கு பாத்ரூம்? தெம்பா ஒரு தே தாரிக் குடிச்சிட்டு ஏறுங்க."

அந்த டீயை நானே வாங்கிக் கொடுத்தேன். பெரிய கப்.

என் கைக்கடிகாரத்தில் பதினொன்றரை ஆனதும் எழுந்து மேலேயிருந்த பையை எடுத்தேன். விமானப் பணிப்பெண் என்னை உட்காரச் சொன்னார். கீழே எட்டிப் பார்த்தால் கடல். பன்னிரண்டேகாலுக்கும் கடல். மாமியார் கால்களை இறுகப் பின்னிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இறங்கலையா மாப்பிள்ளை?"

"ஏர்போர்ட்ல இடமில்ல போல. வட்டம் அடிக்கிறாங்க அத்தை."

பக்கத்து வரிசையில் இருந்த, செந்தூலிலிருந்து வந்த ஒரு அங்கிள் திரும்பினார். "என்ன தம்பி, வட்டம் அடிக்குதா?" அதை அவர் பின்வரிசைக்குச் சொன்னார். அங்கே அது, சக்கரம் இறங்கவில்லை என்று ஆனது. அதற்கும் பின்னால் ஒரு அம்மாள் சத்தமாகக் கந்தனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

பணிப்பெண் வேகமாக வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான். "யாரு சொன்னது?"

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின.

"சார், டிக்கெட்ல பதினொன்றரைன்னு இருக்கிறது சென்னை டைம் லா. அவங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. கிட்டத்தட்ட ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். நாலு மணி நேரம் பறக்கணும்."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகவே வந்தது. மாமியாரும் மீதி நேரத்தைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சட்டென்று பெல்ட்டைக் கழற்றினார்.

"நகருங்க மாப்பிள்ளை."

பாத்ரூம் வாசலில் நான்கு பேர் நின்றார்கள், என் வதந்தியில் வயிறு கலங்கியவர்கள். "அக்காவ முதல்ல விடுங்க லா, ரொம்ப நேரமா அடக்கிட்டு இருக்காங்க," என்று அங்கிள் விமானத்துக்கே அறிவித்தார்.

திரும்பி வந்த மாமியாரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ஒண்ணும் உறிஞ்சல," என்றார், என்னிடமல்ல, அங்கிளிடம். சென்னை வரும்வரை அவரோடுதான் பேச்சு. இறங்கியதும் வரவேற்க வந்த சொந்தக்காரர்களிடம் நடந்ததை விளக்கியதும் அந்த அங்கிள்தான். கல்யாணத்தில் மணமகனைவிட என்னைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

மாமியாருக்கு இப்போது விமானப் பயம் சுத்தமாகப் போய்விட்டது. என்மேல்தான் பயம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்கு நான் காரை எடுத்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வீட்டுக்குள் போகிறார்.

"மாப்பிள்ளை ஓட்டுறாரு. எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன்."