கம்பிகளை அடக்கிய ஏலக்கா

பழவேற்காட்டில் மைக்செட் தொழில் படுத்துப் போனதற்கு ஒரே காரணம் ஏலக்காதான் என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். மீன் இறங்கும் துறையில் காலையில் அவர் நண்டும் இறாலும் ஏலம் விட ஆரம்பித்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்றைக்கு என்ன மீன் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏலம் விடுகிற அக்கா, அதனால் ஏலக்கா. வெளியூர் ஆட்கள் பாயசத்தில் போடுகிற ஏலக்காய் என்று நினைத்துக்கொள்வார்கள். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்டவருக்கு என் கிதார் சத்தம் ஆகவில்லை.

நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். வேலை இல்லாத நேரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசிப்பேன். சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கிய கிதார். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு கம்பியைத் தட்டினால், தொடாத கம்பிகளும் சேர்ந்து 'ஙொய்' என்று முனகும். தட்டிய கம்பியோ ஊசி மாதிரி காதில் இறங்கும். நானும் சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற டோன் திருகைக் கடைசி வரை திருகி வைத்திருந்தேன். பத்து வரை போட்டிருக்கும்போது ஐந்தில் எதற்கு வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த வருடம் ஒத்திகையை எங்கள் டிரம்ஸ்காரன் சவரியின் வலைக் கொட்டகைக்கு மாற்றியிருந்தோம். எதிர் வீடு ஏலக்காவுடையது. முதல் நாளே வந்துவிட்டார். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நேராக வந்து, இறால் கூடையை மூடுகிற மாதிரி உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அமுக்கினார்.

"இன்னாடா இது, நீ ஒண்ணத் தட்டுற, நாலு பேசுது?"

"அது அப்படித்தான் இருக்கும்க்கா."

"ஏலத்துல ஒருத்தன் வெல கேக்கசொல்ல மத்தவன் வாய மூடணும். இல்லாங்காட்டி ஏலம் எப்படி முடியும்? உன் கம்பிங்களுக்கு மரியாதி தெரியல."

சவரி சிரித்துவிட்டான். அவர் அவன் பக்கம் திரும்பியதும் குச்சியால் முதுகு சொறிவதுபோல் பாவனை செய்தான்.

மறுநாள் ஒரு ஸ்பாஞ்ச் துண்டோடு வந்தார். கம்பிகளின் அடியில், அவை முடிகிற இடத்தில், அதை முழுசாகத் திணித்தார். வாசித்தேன். தேங்காய் மட்டையைத் தரையில் போட்ட மாதிரி 'தொப், தொப்' என்றது. சவரி, "கிதார் செத்துடுச்சு, மாலை வாங்கிட்டு வரவா?" என்றான்.

ஏலக்கா அசரவில்லை. "எல்லாத்தையும் அடக்குனா எப்பிடி. பேச வேண்டியதப் பேச வுடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பாஞ்சைப் பிடுங்கினார்.

அதற்கடுத்த வாரம், கிதார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் பெட்டியின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும், கூர்மை கொஞ்சம் குறைந்தது. ஆனால் அது ஐஸ் மீனை மூடுகிற சாக்கு. கால் மணி நேரத்தில் தெருவில் உள்ள பூனையெல்லாம் ஆம்ப் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் குழுவுக்கு அதுவரை அவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்ததில்லை.

ஆனாலும் அந்த அம்மாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் கம்பிகளைக் கையால் அமுக்கிய பிறகும் எங்கோ முனகல் கேட்டது. அவர் குனிந்து கிதாரின் முதுகில் காதை வைத்தார். எல்லாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார்.

"பின்னாடி எவனோ பேசறான்."

முதுகு மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மூன்று ஸ்பிரிங்குகள். கம்பி அடங்கிய பிறகும் அவை தனியாகக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. ஏலக்கா தன் பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு அறுத்து அவற்றுக்கு நடுவில் சொருகினார். முனகல் நின்றது. நான் இந்தக் கிதாரை வாங்கி மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த மூடியைத் திறந்ததில்லை.

இதற்கிடையில் மாதா கோயில் திருவிழா வந்தது. எங்களுக்கு அதுதான் ஒரே மேடை. கமிட்டித் தலைவர் மீன் வியாபாரி, குறைவாகப் பேசுகிறவர். என்னை நிறுத்தி, "போன வருசம் உன் கிதாரு கேட்டு கைக்கொழந்தைங்கல்லாம் அழுதுச்சு. இந்த வாட்டியும் அப்பிடின்னா, அடுத்த வருசம் மீஞ்சூர்லேந்து கீபோர்டு ஆளக் கூப்டுக்குறோம்" என்றார். பதினொரு வருடம் வாசித்த மேடை.

திருவிழா அன்று சாயங்காலம் மேடை ஏறினோம். அங்கே வைத்திருந்தது வாடகை ஆம்ப், எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு. முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவது பாட்டில் என் தனி வாசிப்பு வந்தது. மேல் கம்பியை அழுத்தினேன். தொடாமல் விட்டிருந்த கம்பிகளெல்லாம் ஒன்றுசேர்ந்து ஊளையிட்டன. முன் வரிசையில் பெண்கள் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவிட்ச் போர்டைப் பார்த்து நடந்தார். என் விரல்கள் நின்றுவிட்டன.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மைக் இல்லை.

"ரெண்டு நிமிசம் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சவங்க ஒக்காருங்க."

மொத்தக் கூட்டமும் உட்கார்ந்தது. தலைவரும் பக்கத்தில் கிடந்த யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்தார். இருபது வருடமாக ஏலத்தில் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்ட உடம்பு, வேறென்ன செய்யும்.

ஏலக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினார். தலையிலிருந்த தடித்த ரப்பர் பேண்டை உருவினார். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது. அவரை அப்படி ஊரில் யாரும் பார்த்ததில்லை. அந்த பேண்டைக் கிதாரின் தலைவழியாக நுழைத்து, கழுத்தின் ஆரம்பத்தில் கம்பிகள்மேல் பதமாகச் சுற்றிவிட்டார். பிறகு என் டோன் திருகைப் பாதிக்கு இறக்கினார்.

"இது சும்மா இருக்கறவன மட்டும் அமுக்கும். நீ புடிக்கிற கம்பி பேசும். தட்டு."

தட்டினேன். ஒரே ஒரு சுரம் வந்தது. கூடவே எதுவும் வரவில்லை. உருண்டையாக, வெதுவெதுப்பாக அது கூட்டத்துக்கு மேலே போனது. சவரி கண்ணை அகல விரித்துக்கொண்டு தாளத்தைப் பிடித்தான். பாட்டு முடிந்தபோது தலைவர் தன் பழைய நாற்காலிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் சுவிட்ச் பக்கம் அப்புறம் திரும்பவேயில்லை. ஏலக்கா முடியை முடிச்சுப் போட்டுக்கொண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் நன்றி சொல்லப் போனேன். வாசலில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு எப்படிக்கா இவ்ளோ காது?" என்று கேட்டேன்.

"காதா? சோத்துக்கைப் பக்கத்துக் காது போயே போச்சு நைனா." துறையில் ஐஸ் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில்தான் அவர் நின்று ஏலம் விடுவது. அதன் விளைவு. "ராப்பகலா உள்ள கொய்ங்னு ஒண்ணு கத்திக்கினே இருக்கு. ஆஸ்பத்திரில காட்னேன். மருந்து இல்ல, பழகிக்கோனு சொல்லிட்டாங்க. உன் கம்பி கத்தசொல்லல்லாம் உள்ள இருக்கறது வெளியயும் வந்துட்டாப்ல இருக்கும். இத்த நிறுத்த முடியாது. அத்தயாவது நிறுத்தலாம்னு பாத்தேன்."

இத்தனை மாதமாக அவரைத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் என்னவாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நேத்து வாசிச்சியே, திருகக் கொறச்சப்புறம்," என்றார். "அப்ப கொஞ்ச நேரம் உள்ள இருக்கறது கேக்கல."

எதிர்க் கொட்டகைக்குப் போய்க் கிதாரையும் சின்ன ஆம்ப்பையும் எடுத்து வந்தேன். டோனை நன்றாக இறக்கிவிட்டு, தடித்த கம்பிகள் இரண்டை மட்டும் மெல்ல, சீராகத் தட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு என்று எதுவுமில்லை. ஏலக்கா சுவரில் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஒத்திகைக்கு வந்த சவரி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தன் கொட்டகைக்குள் நடந்து போனான்.

மத்தியானம் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் இப்போதும் அந்த வாசலுக்குப் போகிறேன். அக்கா தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகும் உடனே நிறுத்த மனம் வருவதில்லை.