அய்யாவுக்கு முதுகு காட்டிய கதை

எனக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். என் சித்தப்பா அருளப்பன் பெயரைச் சொன்னாலே வரும். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை.

நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது முன்னால் நின்று கையசைத்து அவர்களை ஒன்றாகப் பாடவைப்பது என் தொழில். கண்டக்டர் என்பார்கள். (‘எந்த ரூட்டு பாப்பா?’ என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் மன்னித்துவிட்டேன். சித்தப்பா விஷயம் வேறு.)

அப்போது பெரம்பலூரில் பாட்டு டீச்சராக இருந்தேன். அங்கேயும் அரியலூரிலும் பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு பாடகர் குழு சேர்த்திருந்தேன். நாலு குரல் நாலு வழியாகப் போய் ஒரே இடத்தில் வந்து சேரும் பாட்டு எங்களுடையது. யார் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் என் கையைப் பார்த்துத்தான். பார்க்காவிட்டால் சந்தைக்கடைதான்.

சென்னையில் ஆப்பரா நடத்தும் ஒரு மேடம் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். (ஆப்பரா என்றால் வசனமே இல்லாமல் பாட்டாலேயே காதலித்து, சண்டை போட்டு, செத்தும் போகிற நாடகம். சாகும்போதுதான் நீளமான பாட்டு.) திருச்சி போகிற வழியில் அரியலூரில் ரயிலிறங்கி, எங்கள் கிறிஸ்துமஸ் விழாவில் என் வேலையைப் பார்ப்பதாகச் சொன்னார். பிடித்திருந்தால் வேலை எனக்கு. நானோ அதற்குள் மனசிலேயே சென்னையில் வீடு பார்த்து, ஜன்னல் திரைக்குக் கலர் வரை முடிவுசெய்துவிட்டேன். அவ்வளவு திமிர்.

விழா அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏற்பாடெல்லாம் சித்தப்பா. மண்டபத்தைச் சும்மா கொடுத்த முதலாளிதான் சிறப்பு விருந்தினர். முன்வரிசை சோபாவில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மேடம்.

மேடையேறிக் கும்பிட்டுவிட்டு, குழுவைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினேன். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள்.

“பாப்பா! ஏ பாப்பா!” சித்தப்பா மேடைக்கே ஓடிவந்துவிட்டார்.

“என்னா சித்தப்பா?”

“அய்யாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, அறிவிருக்கா ஒனக்கு?”

“இப்புடித்தான் நிக்கணும். அதுங்க என் கையப் பாக்கணும்ல.”

“அதுங்கள தெனம்தான் பாக்குற. இன்னிக்கி அய்யாவப் பாரு!”

“காரியத்தக் கெடுக்காதீங்க, போங்க சித்தப்பா.”

“மண்டபம் குடுத்த மனுசன். மரியாத வேணாம்?” என்றவர், என் இரண்டு தோளையும் பிடித்து, மாவாட்டுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி அய்யா பக்கம் நிறுத்திவிட்டு, படி ஓரத்தில் காவலுக்கு நின்றுகொண்டார்.

இழுத்த மூச்சைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் அடக்கும்? பாட ஆரம்பித்துவிட்டன. மேடம் முன்னால் சித்தப்பாவோடு மல்லுக்கட்ட முடியுமா? கையைப் பெரிதாக வீசினால் பின்னாலிருந்தும் தெரியும் என்று என் பேரறிவு சொன்னது. உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் உயர்த்தினேன். குரலை ஏற்றுங்கள் என்று அர்த்தம்.

மண்டபமே எழுந்து நின்றது!

எங்கள் பக்கத்து விழாக்களில் மேடையிலிருந்து ஒருவர் அப்படிக் கை காட்டினால், எல்லாரும் எழுந்திருக்க வேண்டும் என்று பொருள். அய்யாவும் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பதறிப்போய்க் கையைத் தாழ்த்தினேன். உட்கார்ந்தார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் பாழாய்ப்போன கை தானாக உயர்ந்தது. மறுபடியும் எழுந்தார்கள்.

“சர்ச்சுப் பூசையிலகூட இத்தன தடவ எழுப்ப மாட்டாங்களே!” என்று ஒரு அம்மா முனகியது மைக்கிலேயே கேட்டது.

பின்னால் ஒரு குரல் பாடாலூருக்கும் இன்னொன்று தா.பழூருக்கும் பஸ் ஏறிவிட்டன. பெண்பிள்ளைகள் பாட்டையே முடித்துவிட்டார்கள். தடிக்குரல் பையன்கள் இன்னும் நடுவில் நின்றார்கள்.

எழுந்த மேடம் உட்காரவே இல்லை. அப்படியே வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

“ஆடியன்ஸை நல்லா டிரெய்ன் பண்ணியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

வேலை போயிற்று. மண்டபப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சித்தப்பா கேசரியோடு வந்து, “அய்யாவுக்கு ரொம்ப சந்தோசம்” என்றார். அந்தக் கேசரியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

பிறகு பல வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தி, வேறொரு குழுவில் கடைசி ஆளாகச் சேர்ந்து, ஒருவழியாக ஆப்பராவுக்குக் கண்டக்டர் ஆனேன். ஆனால் சித்தப்பா ஊரெல்லாம் சொல்வது என்ன தெரியுமா? “அன்னிக்கி நான் திருப்பி வுட்டதுலதான் இவ லைஃபே திரும்புச்சு.” வயிறு எரியுமா, எரியாதா?

சென்னையில் என் முதல் ஆப்பராவுக்குக் குடும்பமே வேன் பிடித்து வந்தது. விளக்கு அணைந்ததும் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். முதுகுக்குப் பின்னால் தடதடவென்று நாற்காலிச் சத்தம். சித்தப்பா எழுந்துவிட்டார். அவரைப் பார்த்துக் குடும்பம் எழுந்தது. இதுதான் முறை போலிருக்கிறது என்று அரங்கமும் எழுந்தது.

‘தொடங்கும் முன்பே எழுந்து நின்று வரவேற்ற ரசிகர்கள்’ என்று மறுநாள் பேப்பரில் போட்டுவிட்டான். சித்தப்பா அதை ஃபிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், “எழுப்பி வுட்டதும் நாந்தான்” என்கிறார்.