ஸ்விட்சைத் தொடவிடாத பொறு சார்

தமிழ்நாட்டிலேயே அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே ஆளைக் காட்டு என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் பொறு சாரைக் காட்டிவிடுவேன். எங்கள் காஞ்சிபுரத்துத் தேர்கூட நின்று நின்று, முட்டுக்கட்டை வாங்கி, எப்படியோ நிலைக்கு வந்து சேர்ந்துவிடும். பொறு சார் சேரமாட்டார். பாதி வழியில் நின்று, தேர் ஏன் மெதுவாகப் போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஆபீஸ்களில் படுத்துக்கொள்ளும் சர்வர்களை எழுப்பிவிடுவது அவர் தொழில். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு டிபன் பாக்ஸ். ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இருக்காது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ஸ்விட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டு மறுபடி போடுவோம். அவர் இருக்கும் இடத்தில் அது நடக்காது. நம் கை ஸ்விட்ச் பக்கம் போவதற்குள் “பொறு!” என்று ஒரு சத்தம் வரும். அதுவே பெயராகிவிட்டது.

“அணைச்சிட்டா சாட்சி செத்துடும்பா” என்பார். “உள்ள என்னா நடந்துச்சுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அடிச்சுப் போட்டுட்டு அப்பால யாரைப் போய் கேப்பே?”

ஒருமுறை அவர் வந்த ஷேர் ஆட்டோவே நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் மறுபடி ஸ்டார்ட் செய்யப் போக, இவர் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் எப்போது மாறியது, முதலில் குலுக்கியதா, வேகம் குறைந்ததா என்று பயணிகள் எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தார். பூக்கூடையோடு வந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது நிமிட விசாரணைக்குப் பிறகு நோட்டை மூடிவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: பெட்ரோல் இல்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஓட்டலில் தோசைக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். மொத்த ஓட்டலும் மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தது. பொறு சார் மட்டும் சமையல்கட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். “மாஸ்டர் மேல தப்பு இல்லீங்க. தோசை அப்பவே ரெடி. சாம்பாருக்கு ஒரே ஒரு கரண்டிய வெச்சுக்கினு நாலு பேர் அதுக்கோசரம் நிக்கிறாங்க” என்றார். மறு ஞாயிறு கரண்டி மூன்றாகியிருந்தது, தோசை பறந்து வந்தது. அந்தத் தோசையை நம்பித்தான் எங்கள் ஆபீசுக்கு அவரை அழைத்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். சேலை பார்டரின் படத்தை வாங்கி, எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று தறிக்குப் புரிகிற மாதிரி பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. பிரிப்பது சர்வர். அந்த சர்வரில் ஓடும் புரோகிராமை எழுதியது அடியேன். ஓனர் பக்திமான். எந்த டிசைனை எடுத்தாலும் முதலில் திரையில் அவர் வீட்டுப் பூஜையறைப் பிள்ளையார் தோன்றி மறைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். போனில் அவரே எடுத்த படம். நானும் சந்தோஷமாகச் செய்து கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சில மாதங்களில் சர்வருக்கு ஒரு நோய் வந்தது. காலையில் ஒரு டிசைனைக் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துவிடும். மதியம் அதே வேலைக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நாலு மணிக்கு அசையாமல் நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டால் மறுபடி குதிரை.

ஓனர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். சர்வரில் டிசைன்களைப் போடும் நாற்காலியில் உட்கார்ந்தவர் மல்லிகா. கூரத்திலிருந்து வருபவர். முன்பு விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப்போய் நாளெல்லாம் நின்றபடி பெட்டி ஒட்டியவர். தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தார். “உக்காந்து செய்யிற வேலை சார்” என்று முதல் நாள் நாற்காலியைத் தடவிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் லீவு போடும் நாளில் செந்தில் உட்காருவான். அன்றைக்கு மட்டும் சர்வர் நிற்காது.

“கைராசி இல்லமா உனுக்கு” என்றார் ஓனர். “வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாவலேன்னா, திங்கக்கிழமையில இருந்து நீ வர வேணாம்.”

மல்லிகா நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொறு சார் திங்கட்கிழமை வந்தார். நாலு மணிக்கு சர்வர் நின்றது. ஓனர் ஸ்விட்சைத் தேடி ஓடினார். பொறு சார் அதற்குள் ஸ்விட்சை மறைத்துத் தன் டிபன் பாக்ஸை வைத்துவிட்டார். நின்றுபோன மெஷினின் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏதேதோ எழுதினார். துக்கம் விசாரிக்க வந்தவர்கூட அவ்வளவு நேரம் உட்காரமாட்டார். பிறகுதான் அணைத்துப் போட அனுமதி கொடுத்தார்.

“நாளையில இருந்து செந்தில் உக்காரட்டும். ராத்திரி கூட அணைக்கக் கூடாது. மல்லிகாம்மா, நீங்க பக்கத்துல இருந்து எத்தினி டிசைன் போவுதுன்னு எண்ணுங்க.”

செவ்வாய் நிற்கவில்லை. புதன் நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவானதோடு சரி. ஓனர் மேஜையைத் தட்டினார். “பாத்தியா? அந்தம்மா கை படல, ஜோரா ஓடுது. இதுக்கு ஒரு நிபுணர் வேற, மூணு நாளா டீ குடிச்சுக்கினு, எழுதிக்கினு!”

மல்லிகாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த கோடு போட்டார்.

“பொறுங்க” என்றார் பொறு சார்.

வியாழக்கிழமை மதியம், செந்திலின் கையிலேயே சர்வர் நின்றது. ஓனர் மெதுவாகச் சொன்னார்: “மவுஸ் அந்தம்மா தொட்டதாச்சே...”

அப்போதுதான் மல்லிகா தன் கணக்கைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். “சார், செந்தில் மூணு நாளும் சேத்து நூத்தம்பது டிசைன் போட்டிருக்கு. எனுக்கும் நூத்தம்பது கிட்டதான் நிக்கும். ஆனா நான் அதை ஒரே நாள்ல போட்டுருவேன்.”

பொறு சார் நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒவ்வொரு டிசைனுக்கும் எதுவோ உள்ள வந்து தங்கிடுது. வெளிய போவ மாட்டேங்குது” என்றார். ஓனர் நம்பவில்லை. “அந்த எதுவோ எதுன்னு காட்டு. நாளைக்குக் காட்டலேன்னா நான் சொன்னது சொன்னதுதான்” என்று இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ஓனர் வருவதற்கு முன்னால், அணைக்காமல் வைத்திருந்த சர்வரின் மெமரிக்குள் என்ன இருக்கிறது என்று பொறு சார் திறந்து காட்டினார். எல்லாம் பிள்ளையார். ஒரே படம், நூற்றைம்பது தடவை. ஒவ்வொரு டிசைனுக்கும் படத்தை உள்ளே கொண்டுவா என்று எழுதிய நான், வேலை முடிந்ததும் அனுப்பிவை என்று எழுதவே இல்லை. உள்ளே இடம் குறையக் குறைய சர்வர் தவழ்ந்திருக்கிறது. இன்னொரு பிள்ளையார் உட்காரக்கூட இடமில்லாதபோது நின்றிருக்கிறது. தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. பொறு சார் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

ஓனர் வந்தார். “சொல்லு. யார் தப்பு?”

பொறு சார் டீயை ஊதினார். ஊரிலேயே பெரிய புரோகிராமர் என்று ஓனர் கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்தும் ஆள் நான். அந்த மரியாதை போய்விடுமே என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். மல்லிகா தன் டிபன் பையைத் தோளில் மாட்டியபடி கதவோரம் நின்றிருந்தார். பொறு சார் இன்னும் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அது ஆறி வெகு நேரமாகியிருக்கும்.

“என் தப்பு சார்” என்றேன். “நான் எழுதினதுல தப்பு. மல்லிகாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

ஓனருக்குப் புரியவில்லை. பொறு சார்தான் விளக்கினார். “சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கியாந்து வெக்கிறோம். அப்பால என்னா பண்றோம்? குளத்துல கரைக்கிறோம் இல்ல? இவரு டிசைனுக்கு ஒருத்தரா வெச்சுக்கினே போயிட்டாரு, ஒருத்தரையும் கரைக்கல. நூத்தம்பது பேரு உள்ள உக்காந்துக்கினு இருக்காங்க. எழுந்திரிங்கன்னு சர்வர் எப்பிடிங்க சொல்லும்?”

ஓனர் சர்வரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். பிறகு மல்லிகா பக்கம் திரும்பி, குரலை இறக்கிக் கேட்டார். “நீ ஒரு நாளிக்கு நூத்தம்பதா போடுறே?”

“இத்தினி நாளா யாரும் எண்ணலியே சார்” என்றார் மல்லிகா. சொல்லிவிட்டுப் பையை ஆணியில் மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றுவரை அந்த நாற்காலி அவருடையதுதான். நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பிள்ளையார் இப்போது வருகிறார், ஆசீர்வதிக்கிறார், கரைகிறார்.

அன்றைக்கு டீக்கடையில் பொறு சாரிடம் கேட்டேன். “உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே சொல்லியிருக்கலாமே. நான் வாயே தொறக்காம இருந்திருந்தா?”

“மூணாவது நிமிஷம் நானே சொல்லியிருப்பேன்பா. அந்தம்மா வேலையாச்சே.”

நோட்டைப் புரட்டி என்னிடம் நீட்டினார். சர்வர் பற்றிய குறிப்புகளுக்குக் கீழே அவர் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. 9.40, தன் தப்பைப் பார்த்துவிட்டார். 10.05, ஓனர் கேட்டார். 10.07, சொல்லிவிட்டார்.

“ரெண்டு நிமிஷம்” என்றார். “கொஞ்சம் மெதுவுதான். ஆனா நீ நிக்கலபா.”

இப்போது என் கீழே நாலு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். யாராவது தப்பு செய்துவிட்டு என் எதிரே பேசாமல் நிற்கும்போது, எனக்குக் கத்த வாய் வந்துவிடும். அப்போது அந்த ஆறிப்போன டீயை அவர் ஊதிக்கொண்டிருந்தது ஞாபகம் வரும். வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். எனக்கு அவர் கொடுத்த இரண்டு நிமிடத்தை யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?