முதலாளிக்கு ஒரு எலும்பு

இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது என் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். வீட்டில் இருப்பது மொத்தமே மூன்று ஜீவன்கள். ஒன்று நான். நானே பல நேரம் என் பக்கம் இருப்பதில்லை. இரண்டாவது என் மனைவி. அந்தப் பக்கம் நான் போகலாமே தவிர, அவள் என் பக்கம் வருவது நடக்காத காரியம். மீதி இருப்பது நாய்.

நாய் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்தால் இன்று எனக்குக் காபி கிடையாது. வீட்டில் அவருக்குப் பெயர் முதலாளி. மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனவர். நாங்கள் இருவரும் குனிந்து வேலை செய்ய, நடுவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார். அதனால் வந்த பெயர்.

நான் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. நான் வெட்டுவேன், தைப்பேன். மனைவி காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், சீட்டை வாங்கிக்கொண்டு துணியைக் கொடுப்பாள். சீட்டைக் கொடுக்காமல் அவளிடம் ஒரு கைக்குட்டையைக்கூட வாங்க முடியாது. முதலாளி எப்போதும் அவள் காலடியில்தான். என் மிஷினுக்குக் கீழேயும் தாராளமாக இடம் இருக்கிறது. கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். பிறகு அதையும் மூடிக்கொள்வார்.

யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. சோறு போடும் கை அவளுடையது. அதைவிடப் பெரிதாக ஒன்றை நான் போட்டுவிட்டால் தீர்ந்தது. நாய்க்குச் சோற்றைவிடப் பெரியது எது? எலும்பு.

மெல்லப் பேச்சைத் தொடங்கினேன்.

"ஏம்மா, முதலாளிக்கு ஒரு எலும்பு வாங்கிப் போட்டா என்ன?"

"போடக் கூடாது."

"யாரு சொன்னது?"

"அவருக்கு ஊசி போடுற டாக்டரம்மா. வெந்த எலும்பு சிம்பு சிம்பாப் பிளக்குமாம். உள்ள போயி குடலைக் குத்துமாம்."

"சரி, பச்சை எலும்பு?"

"பல்லு உடையும். இல்லைன்னா தொண்டையில மாட்டும்."

"கடையில முடிச்சுப் போட்டுத் தோல்ல விக்கிறாங்களே, அது?"

"அது கடிச்சு முழுங்கினப்புறம் வயித்துல ஊறி உப்பி அடைச்சுக்கும்."

"அப்ப அவரு எதைத்தான் கடிப்பாரு? என்னையா?"

"நகத்தை வெச்சு அழுத்தினா பள்ளம் விழணும். அந்த மாதிரி மெத்துன்னு இருக்கிறதைத்தான் கொடுக்கணும். கொடுத்துட்டு ஓடிடவும் கூடாது. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணும்."

"காலங்காலமா நாய்ங்க எலும்பு தின்னுட்டுத்தான் இருக்கு."

"தின்னுட்டுச் செத்துப்போன நாய் வந்து உங்ககிட்ட சொல்லிட்டா போகும்?"

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ரகசியமாகச் செய்வது என்று தீர்மானித்தேன்.

திட்டம் சுலபமானது. மூன்று வருஷத்துக்கு முன்பு சர்க்கரை ஏறியதிலிருந்து, தினமும் நடக்கச் சொல்லி என் டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், மகளை விட்டுப் போனில் அழச் சொன்னாள். நான் அசையவில்லை. இப்போது மறுநாள் காலை ஆறு மணிக்கு நானாகவே எழுந்து, முதலாளியின் கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்து, "நடந்துட்டு வரேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்துச் சந்திலேயே ஒரு கறிக்கடை இருக்கிறது. முதல் நாள் அங்கே எலும்பு கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் முதலாளிக்குக் கொடுத்தேன். அவர் அதைக் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஐந்து வருஷத்தில் முதல் முறையாக இரண்டு கண்களாலும் பார்த்தார். வால் அப்படி ஆடியது. ஆனால் நின்று ரசிக்க முடியுமா? அவள் வந்துவிட்டால்? ஓடிப் போய் மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல்கூடக் கோக்காமல் கடகடவென்று மிதித்தேன்.

கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் எலும்பு இல்லை. ஒரு துணுக்குக்கூட இல்லை. சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டார் என்று பூரித்துப்போனேன்.

மூன்றாம் நாள் கறிக்கடைக்காரர், "எலும்பு இல்லைங்க" என்றார். அவர் பின்னால் ஒரு கூடை நிறைய எலும்பு இருந்தது.

"அதோ இருக்கே?"

"அது வேற எலும்புங்க."

"வேற எலும்புன்னா?"

"சொல்லி வெச்சிருக்காங்க."

யாரோ பெரிய ஓட்டல்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மார்க்கெட் வரைக்கும் போனேன். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். அதற்காக விட்டுவிட முடியுமா? அதற்குள் முதலாளி காலையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். ஆறு மணி தாண்டினால் ஈர மூக்கால் என் உள்ளங்காலைத் தொடுவார். மத்தியானம் ஒரு நாள், அவள் காலடியிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, என் மிஷினுக்குக் கீழே வந்து படுத்தார். அன்று முழுக்க நான் மிதிக்கவே இல்லை. அவர் தூக்கம் கெட்டுவிடுமே என்று ஒரு கல்யாணச் சட்டையின் கையைக் கையாலேயே தைத்து முடித்தேன்.

இப்படியே ஆறு வாரம் ஓடியது. இடையில் ஒரு சின்ன விஷயம். என் பேண்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. துணி இளகுகிறது என்று நினைத்து, துணிக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். இரண்டு முறை இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிற நான், என் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. எலும்பைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல ஓடி வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து முதலாளி மெல்ல வந்தார். வால் ஆடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "முதலாளி" என்றேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து வயிற்றைத் தடவினேன். ஒரு பெருமூச்சு விட்டார். சோற்றுத் தட்டை முன்னால் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிம்பு சிம்பாகப் பிளக்கும். குடலைக் குத்தும். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் வந்து நின்றது. எத்தனை எலும்பு! ஒன்றில்கூட ஒரு துண்டு மிச்சம் வைத்ததில்லையே. அத்தனையும் அந்தச் சின்ன வயிற்றுக்குள்தானே போயிருக்கும்? மகள் போனில் முதலில் கேட்பது, "அப்பா, அவன் எப்படி இருக்கான்?" என்பதுதான். அவளிடம் என்ன சொல்வேன்? அதைவிட, ஆறு மணிக்கு என் உள்ளங்காலைத் தொடும் அந்த மூக்கு இல்லாமல் நான் என்ன செய்வேன்?

சமையலறைக்கு ஓடினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கொன்னுட்டேன்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"யாரை?"

"முதலாளியை. எலும்பு கொடுத்தேன். நீ சொல்லச் சொல்லக் கேக்காம தினமும் கொடுத்தேன். நடக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் பொய். ஆட்டோவைக் கூப்பிடு, டாக்டரம்மாகிட்டப் போகலாம். நான் சரியான பாவி."

அவள் அரிசிப் பாத்திரத்தை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"வேற?"

"வேறன்னா?"

"வேற என்ன செஞ்சீங்க?"

"அவ்வளவுதான். சத்தியமா."

"வேற?"

அந்த நேரத்தில் மனிதன் எதைத்தான் மறைப்பான்? "மார்க்கெட்டுல தினம் ஒரு ஜாம் பன்னு" என்றேன்.

"அது எனக்குத் தெரியாது" என்றாள். "நல்லவேளை சொன்னீங்க. நாளையிலேருந்து அது கிடையாது."

பிறகு அலமாரியைத் திறந்து, பழைய பட்டன் டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தேன். உள்ளே அன்று காலை நான் வாங்கிய எலும்பு. ஒரு பல் தடம்கூட இல்லை.

"இது... எப்படி?"

"மொத நாளே நேரா என்கிட்டக் கொண்டாந்துட்டாரு. பெருமையா வாயில வெச்சுக்கிட்டு சமையக்கட்டு வாசப்படியில நின்னாரு. பிடுங்கினா முழுங்கிடுவாருன்னு பயந்து ஒரு கேரட்டைக் காட்டினேன். இதைக் கீழ போட்டுட்டு அதை வாங்கிக்கிட்டாரு. அப்புறம் பழகிடுச்சு. நம்ம கடை மாதிரிதான். எலும்பைக் கொடுத்தா கேரட்டு. மத்த எலும்பெல்லாம் அன்னன்னிக்கே குப்பை வண்டியில போயாச்சு."

"அப்ப இன்னைக்கு ஏன் இப்படிப் படுத்திருக்காரு?"

"கேரட்டு தீந்துபோச்சு. வெள்ளரிக்கா கொடுத்தேன். கோவிச்சுக்கிட்டாரு."

நான் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். முதலாளி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மொத நாளே தெரியும்ல? அன்னைக்கே என்னைத் திட்டி நிறுத்தியிருக்கலாமே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த டேப்பை உருவி இடுப்பைச் சுற்றினாள். எண்ணைக் காட்டினாள். மூன்று அங்குலம் குறைந்திருந்தது.

"மூணு வருஷமா நான் சொல்லி நடக்காத மனுஷன், நாய்க்காக நடந்தீங்க" என்றாள். முதல் முறையாக அவளே அவரை நாய் என்று சொன்னாள். "எனக்குப் பயமா இருந்துச்சுங்க. போன தடவை சர்க்கரை பாத்தப்ப டாக்டர் முகத்தைப் பாத்தீங்களா? நீங்க பாக்கலை. நான் பாத்தேன். எலும்பு ரொம்பப் பக்கத்துல கிடைச்சா நடை பத்தாதேன்னு, சந்துக் கடைக்காரர்கிட்ட உங்களுக்கு இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டு வந்தேன்."

அந்தப் பெரிய ஓட்டல்காரர் என் வீட்டில்தான் இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரிசி களைந்த அந்தக் கையைக் கண்ணீரோடு பிடித்துக்கொண்டேன். அவளும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இனிமே எலும்பு வேணாம்" என்றேன்.

"வேணாம். ஆனா அவருக்கு உங்க கையால வாங்கிப் பழகிடுச்சு. பாவம், ஏங்கிப் போயிடுவாரு. டாக்டரம்மா மெல்லுறதுக்குன்னே ஒரு குச்சி சொன்னாங்க. நகத்தை வெச்சு அழுத்தினா பள்ளம் விழுது. வளையுது. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும்."

"எங்க கிடைக்கும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. அங்க மட்டும்தான் இருக்காம்."

மறுநாள் முதலாளியும் நானும் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தோம். போக அரை மணி, வர அரை மணி. பன் சாப்பிடவில்லை. தொட்டிக்குப் பின்னால் ஒளியாமல், வாசலிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறு முனையை அவர் கண்ணை மூடி மென்றார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கால் மணி நேரம் அபூர்வம். ஒரு வாரம் இப்படிச் சந்தோஷமாகப் போனது.

நேற்று நூல் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே அதே குச்சி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. "ரெண்டு கொடுங்க" என்றேன். கடைக்காரம்மா நூல்கண்டை மட்டும் என் கையில் வைத்தார்.

"இருக்குங்க. உங்களுக்கு மட்டும் கொடுக்க வேணாம்னு அக்கா சொல்லியிருக்காங்க."