புயல் வெள்ளிக்கிழமை நிச்சயம்

'விரைவில்' என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. ரயில் நிலையத்தில் மைக்கில் சொன்னாலும் சரி, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் சொன்னாலும் சரி, நம்புவதில்லை. (என் மனைவி சொன்னால் மட்டும் நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். அது வேறு விஷயம்.) இந்த அவநம்பிக்கை பிறவியிலேயே வந்ததல்ல. எழுபதுகளில், இருபத்தொரு வயதில், ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் பின்னட்டையால் வந்தது. ஆமாம், இருபத்தொரு வயதிலும் காமிக்ஸ் படித்தேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிட்டு வரலாம், நான் காத்திருக்கிறேன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரியோரத்தில் ஒரு குப்பம். நைனா, அக்கா கன்னியம்மாவின் புருஷன் ஏகாம்பரம் மாமா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள். நான் ஒருத்தன்தான் பி.யு.சி. வரை படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது புதிதாக முளைத்த ஒரு இரும்புக் கம்பெனியில் டைம் கீப்பர் ஆனவன். மற்றவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதி வைப்பதுதான் வேலை. ஆனால் பேனா குத்திய சட்டையோடு சைக்கிளில் போய் வந்ததால், குப்பத்தில் என்னைக் கலெக்டருக்கு ஒரு படி கீழே வைத்திருந்தார்கள். நானும் அந்தப் படியிலிருந்து இறங்க முயற்சி செய்யவில்லை.

அந்தக் கௌரவத்துக்கு ஒரே ஒரு ஆபத்து, என் தகரப் பெட்டியில் இருந்த காமிக்ஸ்கள். அதிலும் கேப்டன் புயல் என்றால் எனக்கு உயிர். தனி ஆளாய்க் கப்பல் ஓட்டுவான், கடற்கொள்ளைக்காரர்களைப் பந்தாடுவான், நான்கு பக்கத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்துச் சிரிப்பான். அவனுடைய அடுத்த சாகசம் 'உப்புக் கோட்டையில் ஒற்றைக்கண்ணன்' என்று ஆனி மாதமே பின்னட்டையில் போட்டார்கள். 'அடுத்த மாதம் அதிரடி வெளியீடு!' ஆடியில் வந்தது வேறு ஏதோ பேய்க் கதை. பின்னட்டையில் அதே ஒற்றைக்கண்ணன், 'மிக விரைவில்!' ஆவணியில் 'இதோ வந்துவிட்டது!' என்று கடையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, அந்த மாதம் புத்தகமே போடவில்லை. புரட்டாசியில் 'வாசகர்களின் பேராதரவுடன், விரைவில்!' வராத புத்தகத்துக்கு எங்கிருந்து ஐயா பேராதரவு வரும்? நான் கொதித்துப்போனேன். ஸ்டேஷன் புத்தகக் கடைக்கு வருவதே மூன்று பிரதி. எப்போது வரும் என்று தெரியாமல் தினமும் அங்கே போய் நின்று, கடைக்காரர் என்னைக் கண்டாலே எழுந்து உள்ளே போகும் நிலைமை ஆகிவிட்டது.

என்னோடு பி.யு.சி. படித்த சாரதி, மெட்ராஸில் அந்த காமிக்ஸ் அச்சாகும் பிரஸ்ஸில்தான் வேலை பார்த்தான். அவன் ஒரு முறை குப்பத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இறால் தொக்கோடு மூன்று தட்டு சோறு தின்றுவிட்டுப் போனான். அவனுக்கு என்ன வேலை என்று மாமா கேட்டார். பொம்மைப் புத்தகம் அச்சடிக்கிறான் என்று சொன்னால் என் மானம் என்னாவது? "மெட்ராஸ்ல அறிவிப்பு ஆபீஸ் மாமா. இன்னா வரப்போவுது, எப்ப வரப்போவுதுன்னு அவனுக்குத்தான் முன்னாடியே தெரியும்" என்றேன். ஒரு விதத்தில் அது உண்மைதான். அந்த ஒரு விதம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் தகராறு.

அந்தச் சாரதிக்குக் கடிதம் எழுதினேன். 'கேப்டன் புயல் வெளியே வரும் தேதி தெரிந்ததும் உடனே தந்தி அடி. கம்பெனிக்கு அடிக்காதே, வீட்டுக்கு அடி.' கம்பெனிக்கு வந்தால் சூப்பர்வைசர் பிரித்துப் படிப்பார், மானம் போகும் என்று பயம். வீட்டில்தான் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாதே! என் அறிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம், நான் வேலையில் இருந்தபோது, தந்தி வந்தது. (இதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.) தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று இருந்த காலம். தபால்காரர் தூரத்தில் வரும்போதே அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நாலு வீட்டுப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் செத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தபால்காரருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று காட்ட வாழ்க்கையில் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. உறையைப் பிரித்து, உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னார்: "அழாதம்மா! யாரும் சாவல. புயலுதான் வருது. வெள்ளிக்கிழமை, நிச்சயம்னு போட்டுக்கீது. மெட்ராஸ்லேர்ந்து சாரதின்றவரு குடுத்துக்கிறாரு."

'புயல் அரைவிங் ஃப்ரைடே செர்ட்டன் சாரதி.' அவ்வளவுதான் தந்தி. வார்த்தைக்கு வார்த்தை காசு என்று 'கேப்டன்' என்பதை மிச்சம் பிடித்திருக்கிறான் பாவி! நான் கேட்கிறேன், கேப்டனுக்கு இல்லாத காசு 'செர்ட்டனு'க்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் நான் சைக்கிளில் வந்து இறங்கியபோது குப்பமே தலைகீழாகக் கிடந்தது. படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூரை மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"தேசிங்கு! சட்டையக் கழட்டிட்டு வாடா! புயலு வருதே, தெரியுமில்ல?"

தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? கலெக்டருக்கு ஒரு படி கீழே இருப்பவனுக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியாமல் இருக்கும்? "தெரியும் மாமா. கம்பெனியிலயும் அதான் பேச்சு" என்றேன்.

"ஆர்பர்ல கூண்டு ஏத்திட்டாங்களா?" என்றார் பெரியப்பா.

"ஏத்தாம இருப்பாங்களா?" என்றேன்.

ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே என்று யாரோ இழுத்தார்கள். "ரேடியோ போன தபா மட்டும் சொல்லிச்சா? அடிச்சப்புறந்தானே சொல்லிச்சி. ரெண்டு நாளா புழுக்கம் புடிச்சிக்கினு கீது பாரு, அடிக்காம போவாது" என்று பெரியப்பா அடக்கிவிட்டார். தந்தி எனக்கு வந்தது, நானே கம்பெனியிலும் பேச்சு என்கிறேன். அதற்கு மேல் என்னிடம் தந்தியைப் பற்றிப் பேச யாருக்கு என்ன இருக்கிறது? நான்கு மாதமாகப் புயல் புயல் என்று உருப்போட்டுக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் புயல் ஞாபகத்துக்கே வரவில்லை. படகு இழுத்து உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போகிற மீன்காரன் ஒருவனிடம் கம்பெனிக்கு லீவ் லெட்டர் வேறு கொடுத்தனுப்பினேன். காரணம்: புயல்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறால் நிறையப் படுகிற இடங்கள் சிலதுதான் உண்டு. அங்கே நினைத்தவர் நினைத்தபோது வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் வலை வைக்கக் கூடாது, தன் பாட்டைத் தவறவிட்டவர் மறுபடி கேட்கவும் கூடாது. அந்த வருஷம் நல்ல இடத்துப் பாடு ஏகாம்பரம் மாமாவுக்கு விழுந்திருந்தது. அந்த ஒரு நாளை நம்பித்தான் புது வலைக்கு நூல் சொல்லி வைத்திருந்தார். பழைய வலையில் ஓட்டை எது, கண்ணி எது என்று இறாலுக்கே தெரியாது. அந்தப் பாடு என்றைக்கு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை மாமா என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "ஏண்டா, காத்தால போயி, வெயிலு ஏர்றதுக்குள்ள வந்துட்றனே. பாடு என்னுதாச்சேடா. உடறதுக்கு மன்சு வர்ல."

அவர் போயிருப்பார். நான் 'உம்' என்று சொல்லியிருந்தால் போதும், போயிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேப்டன் புயல் மாலுமிகளிடம் பேசுகிற மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையைக் கடல் பக்கம் நீட்டி, "மாமா! இறால் இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். உயிர் போனா வருமா? அக்காவை நெனச்சுப் பாருங்க!" என்றேன். அக்கா அழுதாள். மாமா என் தோளைத் தட்டி, "படிச்சவன் சொன்னா கேட்டுக்கணும்" என்று போய்விட்டார். அந்தத் தட்டு இன்றைக்கும் என் தோளில் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேட்டிலிருந்த பள்ளிக்கூடக் கட்டிடத்தில் குப்பம் முழுக்க, கோழி, குண்டான், பாய் சகிதம் உட்கார்ந்திருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு பெண் வடகம் பிழியலாமா என்று பார்த்தாள். பத்து மணிக்கு, புயலைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத அடுத்த குப்பத்துக்காரர்கள் கூடை கூடையாக இறாலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வழியாகவே போனார்கள். "இன்னாபா, இங்க எதுனா கல்யாணமா?" என்று கேட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! துள்ளி எழுந்தேன். "எவன் கெளப்பி உட்டான் இத்த? எந்த மடையன் புயலு வருதுன்னு சொன்னான்? அவன் மட்டும் கையில கெடைச்சான்..." என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் வீரத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை மாமாவிடம் கொடுத்தாள். மாமா என்னிடம் நீட்டினார். "உன் சாரதிதான் சொன்னான். படி."

படித்தேன். மறுபடி படித்தேன். தந்தியில் நான்கு வார்த்தையும் ஒரு பேரும்தான் என்பதால், எத்தனை முறை படித்தாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

"மாமா... இது புயல் இல்ல. கேப்டன் புயல்."

"மிலிட்டரிக்காரனா?"

"இல்ல, பொஸ்தகம்."

"இன்னாது?"

"படம் போட்டு, அதுக்கு மேல பேசறத எழுதி..."

அக்காவின் ஆறு வயது மகள் உதவிக்கு வந்தாள். "காமிக்ஸுபா! மாமா பொட்டி நெறைய வெச்சிக்கினு கீது. ஆருக்கும் தெரியாம படிக்கும்."

அடி வாங்கியிருந்தால் தேவலை. யாரும் அடிக்கவில்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகப் படகைத் தள்ளப் போனார். பெரியப்பா மட்டும், "கம்பெனியிலயும் அதான் பேச்சாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா பெரியவர்களிடம் போய், சனிக்கிழமையாவது தனக்கு விடுவார்களா என்று கேட்டார். பாடு போனால் போனதுதான், சனிக்கிழமை வேறொருத்தருடையது. அவர் திரும்பி வந்து பழைய வலையைப் பிரித்து உட்கார்ந்து, ஓட்டை பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து எனக்கு வந்த வெட்கம், வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அவர் பாடு போயிற்று, என் பாடு சொல்லி மாளாது. அந்த வருஷம் முழுக்க லீவு நாளெல்லாம் அவரோடு ஏரியில் இறங்கி அந்த ஓட்டை வலையை இழுத்தேன். யாரும் இழுக்கச் சொல்லவில்லை.

சரி, இவ்வளவு நாசமும் செய்த அந்தப் புத்தகமாவது வெள்ளிக்கிழமை வந்ததா? திங்கள்கிழமை ஸ்டேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பேய்க் கதையை நீட்டினார். பின்னட்டையில்: 'காகிதத் தட்டுப்பாடு காரணமாக ஒற்றைக்கண்ணன் சற்றே தாமதம். விரைவில்!'

பிளாட்பாரத்திலேயே கத்திவிட்டேன். அன்றைக்கே ஆசிரியருக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். 'உங்கள் புயலால் எங்கள் குப்பமே வீட்டை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. படகுகள் கரையேறின. தொழில் நின்றது. இதற்கு என்ன பதில்?' பதில் போட்டார்கள் ஐயா, அச்சிலேயே போட்டார்கள். எட்டுப் பக்கத்தில் முதல் மூன்று வரியை மட்டும் வாசகர் கடிதத்தில் போட்டு, கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: 'குப்பமே வேலையை விட்டுவிட்டுப் புயலுக்காகக் காத்திருக்கும் உங்கள் அன்புக்கு நன்றி!'

மாசியில் ஒருவழியாக ஒற்றைக்கண்ணன் வந்தான். ஒளித்து எடுத்து வந்தேன். மாமா வாசலிலேயே பிடித்துவிட்டார். "இதானே அது? உக்காரு. படி. இதுக்கோசரம்தானே என் பாடு போச்சு, இன்னாதான் கீதுன்னு நானும் பாக்கறேன்." படித்தேன். முதல் பத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். அப்புறம், கப்பலை இப்படித் திருப்பினால் கவிழ்ந்துவிடும், இந்தக் கேப்டனுக்குத் தொழில் தெரியவில்லை என்று திட்டினார். அப்புறம் பேச்சே இல்லை. கடைசிப் பக்கத்தில் கேப்டன் புயலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறான் ஒற்றைக்கண்ணன். கயிறு அறுகிறது. 'இரண்டாம் பாகம் விரைவில்!'

"அப்பறம்?" என்றார் மாமா.

"அவ்ளோதான் மாமா."

"இன்னாடா அநியாயம் இது! பேஜாரு புடிச்சவனுங்க!" என்று மாமா கத்தியதைக் கேட்டு அக்கா வெளியே ஓடி வந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் என்னிடம் பழையபடி பேசினார்.

இரண்டாம் பாகம் வரவே இல்லை. காமிக்ஸ் கம்பெனியையே மூடிவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் வீணாய்ப் போன பாட்டுக்கு 'தேசிங்கு பாடு' என்றுதான் பெயர். என் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு பெரியப்பா, "வெள்ளிக்கிழமை நிச்சயமா?" என்று கேட்டார். என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கேப்டன் கிணற்றிலிருந்து ஏறினானா இல்லையா? ஒரு மனிதரின் பாட்டைப் பறித்தவர்கள், அதையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

போன கார்த்திகையில் டி.வி.யில் எச்சரிக்கை சொன்னதும் மாமாவுக்கு போன் செய்தேன். எண்பது தாண்டிவிட்டார், காது மந்தம்.

"மாமா! புயல் வருதாம்! ஊட்டுக்குள்ளயே இருங்க!"

"இன்னாது?"

"புயல், மாமா! புயல் வருது!"

பிறகு மெதுவாகக் கேட்டார்: "காத்தா, பொஸ்தகமா?"

"காத்துதான் மாமா."

"அட போடா" என்றார். "ரெண்டாம் பாகம் வந்திச்சாக்கும்னு நெனச்சேன்."